சார் குரல்

ஜூன் 16, திங்கள்

திருச்சி சிகிச்சை மையம் கொடுத்த நோட்டில் நான்கு கட்டங்கள்: தேதி, நிமிடம், இறுக்கம், கையெழுத்து. மற்றவற்றுக்கு அதில் இடமில்லை. அதனால் இந்த நோட்டு. பின்னால் எடுத்துப் பார்த்தால் புரியவேண்டும் என்பதற்காகத் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

காலை ஏழு மணிப் பேருந்தில் நான், மனைவி மேரி, மகள் ஜெஸ்லின் மூவரும் திருச்சி போய், மாலை ஐந்தரைக்கு மணப்பாறை திரும்பினோம். திரும்பும்போது ஜெஸ்லின் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாள். கேட்டும் தரவில்லை.

பெட்டியில் இருப்பது விரலிலிருந்து மேல்கை வரை வரும் ஓர் உறை. துணிதான். விரல்களின் மேல்புறம் மெல்லிய இழைகள் ஓடுகின்றன. தோளுக்குக் கீழே ஒரு சிறு பெட்டியில் மோட்டார்கள். முன்கைத் தோலில் படும்படி இரண்டு உலோகப் பொத்தான்கள். குழந்தை கையை அசைக்க முயலும்போது தசையில் எழும் துடிப்பைப் பொத்தான்கள் மோட்டாருக்குச் சொல்லும். குழந்தையால் முடிந்தது போக மீதியை மோட்டார் செய்யும். எடை நானூற்றிருபது கிராம். மேரி இதற்கு வைத்த பெயர் ‘சட்டை’.

ஜெஸ்லினுக்குப் பத்து வயது. பிறந்தபோது மூச்சுத் திணறியதில் வலது பக்கம் பலவீனமானது. வலது முழங்கை மடங்கியே இருக்கும், விரல்கள் மூடியே இருக்கும். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் இடது கையில்.

சிகிச்சையாளர் பர்வீன் மேடம் விதிகளைச் சொன்னார். தினமும் நாற்பது நிமிடம். கை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சாதனம் நூற்றுக்கு இத்தனை என்று காட்டும். அதற்குப் பெயர் இறுக்கம். ஆறு வாரச் சராசரி ஐம்பதுக்குக் கீழே வந்தால் சாதனம் இன்னும் ஆறு மாதம் எங்களிடம் இருக்கும். மேலே போனால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எதிர்க்கிற கையை மோட்டார் இழுத்தால் மூட்டுக்கு ஆகாது. தவிர, பதினோரு குழந்தைகள் காத்திருக்கிறார்கள். சாதனங்கள் இருப்பது நான்கு. ஜூலை 28 அன்று முடிவு.

சாதனம் பேசும். ஐந்து கட்டளைகள்: தயாரா, கையை நீட்டு, விரலைத் திற, பிடி, விடு. வீட்டுக் குரலாக இருந்தால் குழந்தை பயப்படாது என்பது மையத்தின் அனுபவம்.

“அம்மா பேசுறீங்களா?” என்று மேடம் கேட்டார்.

“ஐயோ, எனக்குக் கூச்சம். அவரு பேசட்டும். அவருக்குத்தான் தொண்டை” என்றாள் மேரி.

பேசினேன். ஒரே முறைதான். இருபத்திரண்டு ஆண்டுகள் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த குரல், இரண்டாம் முறை தேவைப்படவில்லை.

“சூப்பர் சார். ஸ்பீக்கரே வேணாம் போல” என்றார் மேடம்.

அதைச் சாதனத்தில் ஏற்றி ஒலிக்கவிட்டபோது ஜெஸ்லின் வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வெட்கம்.

ஜூன் 17, செவ்வாய்

நாற்பது நிமிடம். இறுக்கம் 58. சாதனத்தோடு வந்த திரையில் ஒரு மாமரம் வருகிறது. கையை நீட்டி விரலைத் திறந்தால் பழம் கைக்கு வரும், கூடைக்கு மேல் விட்டால் விழும். பதினொரு பழம் பறித்தாள்.

“கை நல்லா வந்துட்டா மொதல்ல என்னடி பண்ணுவ?” என்று மேரி கேட்டாள்.

“நானே ரிப்பன் கட்டிக்குவேன்.”

இரட்டைச் சடை, வெள்ளை ரிப்பன் எங்கள் பள்ளி விதி. காலையில் மேரி கட்டிவிடுகிறாள். பள்ளியில் அவிழ்ந்தால் பக்கத்தில் உட்காரும் கயல் கட்டிவிடுவாள்.

ஜூன் 19, வியாழன்

ஐந்தாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியர். ஜெஸ்லின் இந்த ஆண்டுதான் என் வகுப்புக்கு வந்திருக்கிறாள். மதியம் வாராந்திரச் சத்து மாத்திரை. வகுப்புத் தலைவி பவித்ரா வழக்கம்போல ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்று வைத்துக்கொண்டு போனாள்.

இரண்டு பேர் வீட்டுப்பாட நோட்டு கொண்டுவரவில்லை: கயல், ஜெஸ்லின். கயலைக் கண்டித்தேன். ஜெஸ்லினிடம் வீட்டில் சொன்னேன்.

இறுக்கம் 66.

ஜூன் 20, வெள்ளி

இறுக்கம் 67. ஒரு சடை அவிழ்ந்தபடி வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் மோட்டாரின் வால்வு மாற்றினேன்.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் மழை. மழை விட்டதும் நான் மாடியில் ஓட்டைக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தேன். பயிற்சியை மேரி பார்த்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் பச்சைக்குழந்தை தூங்கியதால் சாதனத்தின் ஒலியை அணைத்து, திரையை மட்டும் பார்த்துச் செய்யவைத்தாளாம். இறுக்கம் 38.

முப்பத்தெட்டு! ஞாயிற்றுக்கிழமை ஓய்வு காரணமாக இருக்கலாம். அல்லது மழை.

ஜூன் 25, புதன்

இறுக்கம் 65. மழை பெய்தது. எனவே மழை காரணமில்லை.

ஜூன் 27, வெள்ளி

இறுக்கம் 68. பயிற்சிக்கு முன் வெந்நீர்த் துண்டு ஒத்தடம் கொடுத்தோம். பயனில்லை. ரிப்பன் இரண்டும் பையில் சுருட்டி வைத்து வந்திருந்தாள்.

“ஏன்டி, கயல் வரலையா ஸ்கூலுக்கு?” என்றாள் மேரி.

“வந்தா.”

ஜூன் 30, திங்கள்

மையம். மேடம் பட்டைகளைத் தளர்த்தினார். மோட்டார் பெட்டியை மாற்றினார். கையில் ஊதிய பலூனைக் கொடுத்து விளையாடவைத்தார், சாதனம் இல்லாமல். அப்போது கை தளர்வாகத்தான் இருந்தது.

“இந்தக் கைக்கு இவ்வளவு இறுக்கம் வரக்கூடாது சார். வீட்ல எதுவும் திட்டுறீங்களா?”

“இல்லையே” என்றேன். உண்மை. ஜெஸ்லின் மேல் ஒருநாளும் நான் கைவைத்ததில்லை.

ஜூலை 3, வியாழன்

பதினேழு நாள் எண்களையும் ஒரு தாளில் எழுதி, எதிரே வெப்பம், உணவு, தூக்கம், பயிற்சி நேரம், பட்டை இறுக்கிய துளை, ஒத்தடம் உண்டா இல்லையா என்று கட்டம் போட்டேன். எதுவும் எதனோடும் பொருந்தவில்லை. ஜூன் 22 மட்டும் தனியே நிற்கிறது.

இப்படியே போனால் சராசரி அறுபதைத் தாண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

நான் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேரி பயிற்சி கொடுத்தாள். அவள் தங்கை போனில் அழைத்தாளாம். பேசிக்கொண்டே செய்யவைக்க ஒலியை அணைத்தாளாம். இறுக்கம் 35.

ஞாயிறுதான். பள்ளிச் சோர்வு இல்லாத நாள்.

ஜூலை 10, வியாழன்

இறுக்கம் 69. ஏழாம் வகுப்புப் பின்னக் கணக்குத் தாள் திருத்தினேன். பாதிப் பேருக்குப் பகுதி எது தொகுதி எது என்று தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிறு என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள இன்று நானே கூட உட்கார்ந்தேன். காலை பத்து மணி, நல்ல வெளிச்சம், நல்ல தூக்கம், ஒலி முழு அளவில். ஒவ்வொரு கட்டளைக்கும் அவள் முகத்தையும் திரையையும் பார்த்தேன்.

இறுக்கம் 72. இதுவரை வந்ததில் அதிகம்.

எனவே ஞாயிறும் காரணமில்லை.

ஜூலை 14, திங்கள்

விடுப்பு எடுத்து அழைத்துப் போனேன். சாதனத்தில் பதிவான வரைகோடுகளை மேடம் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்.

“மோட்டார் இந்த எடத்துலதான் ஆரம்பிக்குது சார். கை அதுக்கு முன்னாடியே இறுகிடுது. ஒரு செகண்டு முன்னாடி.”

“அந்த ஒரு செகண்டுல என்ன இருக்கு?”

“வாய்ஸ்” என்றார்.

சோதித்தோம். ஒலி இல்லாமல் ஐந்து முறை: 33. என் குரலில் ‘பிடி’: 45. என் குரலில் ‘கையை நீட்டு’: 71. மேடமே பக்கத்தில் நின்று ‘கையை நீட்டு’ என்று சொன்னபோது: 54. ஆக, குரலும் ஒரு காரணம், சொல்லும் ஒரு காரணம். இரண்டும் சேரும்போது உச்சம்.

மேடம் ஜெஸ்லின் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தார். “ஜெஸ்ஸிம்மா, இதுக்குள்ள பேசுறது யாரு?”

“சார்.”

“எந்த சார்? இது அப்பாதானே?”

“அப்பா இல்ல மிஸ். சார்.”

மேடம் சிரித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பள்ளியில் என்னை ‘அப்பா’ என்று கூப்பிடக்கூடாது, ‘சார்’ என்றுதான் கூப்பிடவேண்டும் என்று முதல் வகுப்பிலேயே பழக்கியிருக்கிறேன். மற்ற பிள்ளைகள் பாரபட்சம் என்று நினைக்கக்கூடாது. இதை மேடத்திடம் விளக்கினேன்.

“கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்களேன் சார்.”

வெளியே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச்சுவரில் ஒரு குழந்தை ஒட்டிய வண்ணக் காகிதக் கைகள். முப்பத்தாறு கைகள். எல்லாம் இடது கை. வலது கை வராத குழந்தையாக இருக்கும், வேறு யாரோ சுற்றி வரைந்து கொடுத்திருப்பார்கள்.

மேடம் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஸ்கூல்ல ‘கைய நீட்டு’ன்னு எப்ப சொல்லுவீங்க சார்?”

“பல சமயத்துல.”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். “வேற மாதிரி பேசிப் பதிவு பண்ணிப் பாருங்க” என்றார்.

பேருந்தில் ஜெஸ்லின் தூங்கிவிட்டாள். அல்லது கண்ணை மூடியிருந்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

மெதுவான குரலில் மறுபடி பதிவு செய்தேன். நான்கு முறை.

“கோவத்த அடக்கிக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்குங்க” என்றாள் மேரி.

இறுக்கம் 65.

ஜூலை 17, வியாழன்

மாத்திரை நாள். பவித்ரா வரவில்லை. மாத்திரைத் தட்டை நானே எடுத்துக்கொண்டு, வரிசையாக வரச் சொன்னேன்.

முதலில் நின்றவள் கயல். தட்டு என் இடது கையில். வலது கையில் ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு, “கையை நீட்டு” என்றேன்.

வலது கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே. விரல்கள் பின்னால் வளையும் அளவுக்கு விறைப்பாக. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாத்திரையை வைத்தேன். வைத்த பிறகும் சற்று நேரம் திறக்கவில்லை.

இன்று வந்தவர்கள் முப்பது பேர். கண்ணை மூடியவர்கள் இருபத்திரண்டு பேர்.

ஜூலை 18, வெள்ளி

மாலை ஐந்தே கால். மேரி அடுப்பில் முறுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெஸ்லின் பக்கத்தில் நின்று பால் குடித்தாள், டம்ளர் இடது கையில். மேரி எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல், ஆறிய முறுக்கு ஒன்றை எடுத்து, “இந்தா” என்று பின்னால் நீட்டினாள்.

வலது கை எழுந்தது. முழங்கை முக்கால்வாசி நீண்டது. மூன்று விரல்கள் திறந்தன. மோட்டார் ‘சட்டை’ அணிந்திருக்கவில்லை. முறுக்கு கீழே விழுந்து உடைந்தது, அது வேறு விஷயம்.

“மேரி, இப்பச் சொன்னத திரும்பச் சொல்லு” என்றேன்.

“என்ன சொன்னேன்?”

“அதான், இந்தான்னு.”

“இந்தா” என்று இன்னொன்றை நீட்டினாள். கை வந்தது. இம்முறை முறுக்கைப் பிடித்தது.

நானும் ஒன்றை எடுத்து “இந்தா” என்றேன். கை பாதி வந்து நின்றது. ஜெஸ்லின் முறுக்கைப் பார்க்கவில்லை. என் இன்னொரு கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ஒன்றுமில்லை. அதைப் பார்த்த பிறகு மீதிப் பாதியும் வந்தது.

முறுக்கைத் தின்றுகொண்டே கேட்டாள்:

“அப்பா, கை சரியாயிட்டா எனக்கும் சொல்லுவீங்களா?”

“என்ன சொல்லுவேன்?”

“கைய நீட்டுன்னு. கயலுக்குச் சொன்னீங்கல்ல. அன்னைக்கு நானும்தான் நோட்டு கொண்டு போகல. அவளுக்கு மட்டும் விழுந்துச்சு. அதுலேருந்து எங்கூடப் பேச மாட்டேங்குறா. ‘உனக்கென்னடி, உனக்குத்தான் கை நீட்டவே வராதே, குடுத்து வச்சவ’ங்குறா.”

மேரி அடுப்பை அணைத்தாள்.

விழுந்து உடைந்த முறுக்கை நான் பொறுக்கினேன்.

இறுக்கம் 66.

ஜூலை 19, சனி

மேடத்துக்குப் போன் செய்தேன். கட்டளையை ‘இந்தா’ என்று மாற்றலாம், குரலையும் மாற்றலாம் என்றார். யார் குரல் வேண்டும் என்று ஜெஸ்லினைக் கேட்டோம்.

“கயல்.”

மேரி போய்க் கூட்டிவந்தாள். கயல் வாசலில் என்னைக் கண்டதும் நிமிர்ந்து நின்று “வணக்கம் சார்” என்றாள். உள்ளே வரச் சொன்னேன். வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

மேரி என்னைக் கடைக்குப் போகச் சொன்னாள். வாங்க எதுவும் இல்லை. கொத்தமல்லி வாங்கிவந்தேன். இருவருக்குள்ளும் என்ன பேச்சு நடந்தது என்று தெரியாது. திரும்பியபோது சன்னல் வழியாகக் கேட்டது:

“இந்தா.”

“சத்தமா சொல்லுடீ. செத்த கோழி மாதிரி சொல்லாத.”

“இந்தாடீ! வாங்கித் தொலை!”

“ஐயோ அம்மா, அதுவும் பதிவாயிருச்சு!”

“இருக்கட்டும்டி, அப்பத்தான் நீ வாங்குவ. அடுத்து என்ன? ‘விடு’வா? விடுடீ, பிச்சுடாத!”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நான் கொத்தமல்லியோடு வெளியிலேயே நின்றேன்.

சாதனம் இப்போது ‘வாங்கித் தொலை’ என்று கட்டளையிடுகிறது. மேடத்துக்கு அனுப்பிக் காட்டினேன். “சிரிச்சா தசை தானா தளரும் சார், மாத்தாதீங்க” என்றார்.

இறுக்கம் 41.

ஜூலை 21, திங்கள்

43.

ஜூலை 23, புதன்

44. முப்பத்திரண்டு மாம்பழம். ரிப்பன் அவிழாமல் வந்தாள். அல்லது அவிழ்ந்து, யாரோ கட்டிவிட்டிருக்கிறார்கள். வீட்டில் போடும் முடிச்சு இல்லை அது.

ஜூலை 28, திங்கள்

முடிவு நாள். நாற்பத்தொரு நாட்கள். முதல் முப்பத்திரண்டு நாள் சராசரி 63. கடைசி ஒன்பது நாள் சராசரி 43. மொத்தம் 58.6. நான் போட்டதும் மையம் போட்டதும் ஒன்றே.

“அம்பதுக்கு மேல இருக்கு சார்” என்றார் மேடம்.

“தெரியுது மேடம்.”

ஜெஸ்லின் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் மூடியில் நகத்தால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

மேடம் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “ஒரு வழி இருக்கு. மொத முப்பத்திரண்டு நாளக் கணக்குல சேக்க வேணாம்னு, சாதனம் ஒதுக்குற கமிட்டிகிட்ட கேக்கலாம். அதுக்கு ஒரு காரணம் வேணும். பெற்றோர்தான் எழுதிக் கையெழுத்துப் போடணும். மூணு வரிதான்.”

“சத்தம் அதிகமா இருந்துச்சுன்னு எழுதலாமா?”

“சத்தத்தக் கொறைக்க பட்டன் இருக்கேம்பாங்க. ஒத்துக்க மாட்டாங்க.” தாளை என் பக்கம் தள்ளினார். “இது ஃபைல்ல இருக்கும் சார். பாத்து எழுதுங்க.”

“பாத்துன்னா?”

“உண்மையா எழுதுங்க, யோசிச்சு எழுதுங்க. ரெண்டும் வேற வேறயா இருந்தா நீங்கதான் முடிவு பண்ணணும்.”

சனிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். அதுவரை சாதனம் எங்களிடம் இருக்கலாம்.

ஜூலை 29, செவ்வாய்

முதலில் ஒரு திருத்தம். ஜூன் 19 அன்று ‘கயலைக் கண்டித்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல் சரியில்லை. ஒரு அடி மர ஸ்கேல். இரண்டு முறை அடித்தேன். வலது உள்ளங்கை. ஜெஸ்லின் அவளுக்கு இடப்பக்கம் அரை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இன்னொரு திருத்தம். ஜூன் 16 அன்று, என் குரல் கேட்டு ஜெஸ்லின் கையைப் பிடித்துக்கொண்டதை ‘வெட்கம்’ என்று எழுதியிருக்கிறேன்.

பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்பது சட்டம். பள்ளியில் சுற்றறிக்கை படித்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஸ்கேல் பயத்துக்குத்தான் என்று கேட்பவர்களிடம் சொல்வேன். என்னையே நான் கேட்டுக்கொண்டாலும் அதையே சொல்லிக்கொள்வேன்.

தாளில் எழுதுவதற்கு முன் இதில் எழுதிப் பார்க்கிறேன்.

‘ஒலிப்பதிவில் இருந்த குரல் குழந்தைக்குப் பழக்கமில்லாதது.’ பொய். பத்து ஆண்டுகளாகக் கேட்கிற குரல்.

‘குறிப்பிட்ட ஒரு சொல் குழந்தைக்குப் பள்ளிச் சூழலை நினைவூட்டியது.’ பொய் இல்லை.

இதை மேரியிடம் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே படித்தாள்.

“படிக்கிறவங்க ஏதோ பரீட்சை பயம்னு நெனைப்பாங்க.”

“நெனைக்கட்டுமே.”

“அப்ப கமிட்டி ஒத்துக்குமா?”

“தெரியாது.”

“உள்ளத எழுதுனா?”

“விசாரணை வரலாம். இடமாற்றம் வரலாம். இன்க்ரிமெண்ட் நிக்கலாம்.”

“எழுதலன்னா?”

“சட்டைய திருப்பிக் குடுக்கணும்.”

மேரி ஜெஸ்லினின் பாவாடையை நான்காக மடித்தாள். பிறகு பிரித்து மறுபடி மடித்தாள். “அடிக்காதீங்கன்னு நான் சொன்னப்போ, கணக்கு வேற எப்படி ஏறும்னு கேட்டீங்க” என்றாள். “நானும் விட்டுட்டேன். நம்ம பிள்ளைய அடிக்கலையேன்னு விட்டுட்டேன்.”

ஜூலை 30, புதன்

எழுதினேன். மூன்று வரிக்குள் வந்தது.

‘அக்கட்டளையில் இருந்தது என் குரல். நான் குழந்தையின் வகுப்பாசிரியரும் ஆவேன். மாணவர்களை உள்ளங்கையில் அடிப்பதற்கு முன் வகுப்பில் நான் சொல்லும் சொற்களே அவை.’

மை காயட்டும் என்று மேசையில் வைத்திருந்தேன். ஜெஸ்லின் வந்து எடுத்தாள். தடுக்கவில்லை. பாடம் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துச் சத்தமாகப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி கடைசி வரிக்குப் போனாள்.

“‘நான் சொல்லும்’னு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“அப்படின்னா இன்னும் சொல்லுவீங்கன்னு அர்த்தமாப்பா?”

தாளை வாங்கினேன். ‘சொல்லும்’ என்பதை ஒரே கோட்டால் அடித்து, மேலே ‘சொல்லிவந்த’ என்று எழுதினேன். திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.

அதையும் படித்தாள். “இப்ப சரி” என்றாள்.

இறுக்கம் 40.

ஜூலை 31, வியாழன்

மையம் கேட்டுப் பள்ளிக்குத் தெரிவதைவிட நானே சொல்வது முறை. நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

“நீங்களா எதுக்கு சார் எழுதிக் குடுக்குறீங்க? யாரும் புகார் பண்ணலையே.”

“பண்ணலைங்க சார்.”

“நான் இத மேல அனுப்பாம வச்சிருக்க முடியாது.”

“அனுப்புங்க சார்.”

ஸ்கேலையும் அவர் மேசையில் வைத்தேன். “இத நான் என்ன பண்றது?” என்றார். “கோடு போடலாம்” என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

மையத்தில் பர்வீன் மேடத்திடம் தாளைக் கொடுத்தேன். “இந்தாங்க” என்றேன். அவர் கையை நீட்டி வாங்கினார். படித்தார். திருத்தம் போட்ட இடத்தில் விரல் வைத்தார்.

“இந்தத் திருத்தம் யாரு சொல்லி சார்?”

“எங்க டீச்சர்” என்று ஜெஸ்லினைக் காட்டினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஏழாம் வாய்ப்பாடு ஒப்புவித்தல். எட்டுப் பேருக்கு வரவில்லை. நிற்கவைத்தேன், பிறகு உட்காரவைத்தேன். அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டுப் பேரும் என் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கரும்பலகையில் எழுதி எல்லோரையும் சேர்ந்து சொல்லவைத்தேன். நேரம் கூடுதலாக ஆகிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மேடம் போன் செய்தார். கமிட்டி ஏற்றுக்கொண்டது. ஆறு மாதம்.

ஜெஸ்லின் ஓடிப்போய்க் கயல் வீட்டு வாசலில் நின்று கத்தினாள். என்ன கத்தினாள் என்று தெரு முழுக்கக் கேட்டிருக்கும்: “ஏய், இன்னும் ஆறு மாசம் நீதான்டி திட்டணும்!”

மாலை, வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம். ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

விளக்கத்தில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மையத்துக்கு எழுதிய அதே மூன்று வரியை எழுதி, தேதிகள் சேர்த்திருக்கிறேன். நினைவில் இருக்கும் தேதிகள் மட்டும். நாளை விடுமுறை, சனிக்கிழமை தபாலில் சேர்க்கவேண்டும்.

மாத்திரை நாள். பவித்ரா வந்திருந்தாள். தட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முப்பத்தொரு பேர். ஒவ்வொருவருக்கும் “இந்தா” என்றேன்.

கயல் கண்ணை மூடவில்லை. என் இன்னொரு கையைப் பார்த்தாள். அதில் தட்டு இருந்தது. வாங்கிக்கொண்டு போனாள்.

ஜெஸ்லின் கடைசிக்கு முன்னால் வந்தாள். பள்ளிக்கு மோட்டார் ‘சட்டை’ அணிந்து வருவதில்லை. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையைக் கொண்டுவந்தாள். ஆறு வினாடி ஆனது. மூன்று விரல்கள் முழுதாகவும் ஒன்று பாதியும் திறந்தன. மாத்திரையை வைத்தேன்.

“தேங்க்ஸ்ப்பா” என்றாள்.

வகுப்பு சிரித்தது. “சார்” என்று திருத்திக்கொண்டு ஓடினாள். இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் போய்விட்டாள்.

கடைசியாக நின்றவன் உள்ளங்கையை விறைப்பாக நீட்டி, முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடியிருந்தான். இன்றைக்கு ஒன்பதாவது ஆள். “இந்தா” என்றேன். அசையவில்லை. அவன் கண்ணைத் திறக்கும்வரை மாத்திரையை என் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.